புள்ளி வைத்த பூனை

மேனேஜருக்கு நடந்ததற்கு நான்தான் காரணம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நடுவில் எங்காவது டாக்டர் மேலோ அந்தத் துண்டுச் சீட்டு மேலோ பழியைப் போடப் பார்ப்பேன், நம்பாதீர்கள்.

மேனேஜர் ஒரு பூனை. ஆண் பூனை. அதாவது, அந்தத் திங்கட்கிழமை காலை பத்தரை மணி வரைக்கும்.

அன்று எங்கள் பூனைக் காப்பகத்திலிருந்து ஐந்து பூனைகளைக் கூடைகளில் வைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். நான்கு பேர் தெருவிலிருந்து மீட்டு வந்தவர்கள், அவர்களுக்குக் கருத்தடை. ஐந்தாவது மேனேஜர். அவருக்குக் கடைவாய்ப் பல்லில் சொத்தை, அதை மட்டும் பார்த்தால் போதும். கூட அனுப்பும் சீட்டை எழுதுவது என் வேலை. ‘கருத்தடைக்கு’ என்று தலைப்புப் போட்டுக் கூடை வரிசைப்படி எழுதிக்கொண்டே போன வேகத்தில் ஐந்து பெயரையும் எழுதிவிட்டேன். முடித்த பிறகுதான் மேனேஜர் பெயர் கண்ணில் பட்டது.

வேறு யாராவது என்றால் சீட்டைக் கிழித்துவிட்டு வேறொன்று எழுதியிருப்பார்கள். நான் முப்பத்திரண்டு வருஷமாக அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். கிழிப்பது எனக்குக் கௌரவக் குறைச்சல். பெயரை அடித்துவிடலாம்தான், ஆனால் அடித்தால் மேனேஜர் வரவே இல்லை என்று ஆகிவிடும். அவர்தான் பல்லோடு வருகிறாரே! ஆகவே அவர் பெயரின் அடியில் வரிசையாகப் புள்ளி வைத்து, ஓரத்தில் ‘பல்’ என்று எழுதி அனுப்பினேன்.

எங்கள் தொழிலில் ஒரு சொல்லின் அடியில் புள்ளி வைத்தால், ‘இதில் கை வைக்காதே, இருக்கிறபடியே இருக்கட்டும்’ என்று அர்த்தம். அச்சகத்தில் டீ கொண்டுவருகிறவருக்குக்கூட அது தெரியும். உலகம் முழுக்கத் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததில் என்ன தப்பு?

மதியம் டாக்டர் போன் செய்தார்.

“சார், அஞ்சும் நல்லபடியா முடிஞ்சுது. அந்தச் சாம்பல் கலர் பெரியவருக்குப் பல்லையும் எடுத்தாச்சு.”

“பல்லையும்னா? அந்த ‘உம்’ எதுக்கு டாக்டர்?”

“ஆபரேஷன் பண்ணி, பல்லையும் எடுத்தாச்சுன்னு சொல்றேன். நீங்கதான் அவர் பேருக்கு அடியில அத்தனை புள்ளி வெச்சிருந்தீங்களே? ‘இவருக்குக் கண்டிப்பா பண்ணுங்க’ன்னு சொல்றீங்கன்னு அவரைத்தான் முதல்ல எடுத்தேன்.”

போனை வைத்தேன். மருந்துப் பெட்டிக்குள் பதினாறாய் மடித்து வைத்திருக்குமே ஒரு தாள், நீங்கள் பிரிக்காமலே தூக்கிப் போடுவீர்களே, அதைத் திருத்துவதுதான் எங்கள் அச்சகத்தில் என் வேலை. பக்க விளைவுகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். தலைசுற்றல், நாக்கு வறட்சி, கால் தளர்வு. மூன்றும் வந்தன.

எங்கள் பூனைக் காப்பகம் ஒரு சலவை நிலையத்தின் பின்பக்கக் கிடங்கு. முன்னால் ஆஸ்பத்திரி விரிப்புகளைத் துவைக்கிறார்கள். நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் உலர்த்தும் இயந்திரம் ஓடுவதால் சுவரில் ஓரிடம் எப்போதும் இளஞ்சூடாக இருக்கும். பூனைகள் அங்கே முதுகைச் சாய்த்து வரிசையாக உட்கார்ந்திருக்கும், பஸ்ஸுக்குக் காத்திருக்கிற ஆட்களைப் போல. எல்லாவற்றையும் நடத்துகிறவர் சலவை வேன் ஓட்டும் அக்கா. என்னைவிட ஆறு வயது சின்னவர். ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் ‘அக்கா’ என்றுதான் வாயில் வரும்.

கிடங்கின் முன்பாதி தெருப் பூனைகளுக்கு. பின்பாதி முடிச்சுவால்களுக்கு. முடிச்சுவால் என்பது மிகப் பழைய வீட்டுப் பூனை இனம். தானியக் கிடங்கும் பாய்மரக் கப்பலும் இருந்த காலத்திலிருந்தே மனிதர்களோடு குடியிருந்தது என்பார் அக்கா. சாம்பல் நிறம். வால் நுனியில் சணல் கயிற்றில் போட்டதுபோல ஒரு முடிச்சு. அதைவிடப் பெரிய அடையாளம், அது கத்தாது. வாயை அகலமாகத் திறக்கும், நெஞ்சு ஏறி இறங்கும், சத்தம் மட்டும் வராது. என் இல்லற வாழ்க்கைக்கு நாலு கால் முளைத்தால் இப்படித்தான் இருக்கும்.

பழைய கிடங்குகளை இடிக்க இடிக்க அவை தெருவுக்கு வந்தன. தெருவில் மற்ற பூனைகளோடு கலந்தன. இரண்டு தலைமுறை கலந்தால் முடிச்சு அவிழ்ந்துவிடும். அக்கா ஒன்பது வருஷமாக இடிபாடுகளுக்குள் புகுந்து, கை கால் எல்லாம் கீறல் வாங்கி, ஒவ்வொன்றாக மீட்டுச் சேர்த்தார். நான் ஆறு வருஷமாக அவருக்குப் பதிவேடு எழுதுகிறேன். யார் யாருக்குப் பிறந்தார், யார் யாருக்குச் சித்தப்பா, யாரை யாரோடு சேர்க்கக் கூடாது என்று சொல்லும் தரகு உத்தியோகம். போன மழைக்காலத்துக் காய்ச்சலில் இரண்டு ஆண்கள் போய்விட்டார்கள். மிஞ்சியது மூன்று பெண்கள்: பெரியவள், நடுவுலவள், சின்னவள். ஒரே ஓர் ஆண்.

அவருக்குத்தான் புள்ளி வைத்தேன்.

அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பேன். அவர் பாட்டுக்குக் கிழிந்த விரிப்புகளைக் கூண்டு அளவுக்குக் கத்தரித்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, நான் நாளைலேருந்து வரட்டுமா, வேண்டாமா?”

“பெரியவளுக்குத் தண்ணி மாத்தினீங்களா சார்?”

“மாத்திட்டேன். நான் கேட்டது என்னன்னா...”

“அந்த வாளிய இப்படித் தள்ளுங்க.”

தள்ளினேன்.

டாக்டரிடம் கேட்டதற்கு, ஆபரேஷனுக்குப் பிறகும் சில வாரத்துக்கு உடம்பில் மிச்சம் மீதி இருக்கும், வாய்ப்பு இருந்தாலும் இருக்கலாம், பாக்கலாம் என்றார். பார்த்தோம். சின்னவள் தரையில் உருண்டு புரண்டு அழைத்தாள். மேனேஜர் கழுத்தில் கூம்புக் காலரோடு அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து வாயைத் திறந்து சத்தமில்லாமல் ஏதோ சொன்னார். என்னவென்று எனக்குப் புரிந்தது. அச்சில் போட முடியாது. பிறகு சூட்டுச் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டார்.

வியாழக்கிழமை அக்கா பதிவேட்டை எடுத்து மேசையில் போட்டார். இதுவரை வீடுகளுக்குக் கொடுத்த முடிச்சுவால் ஆண் குட்டிகள் நாற்பத்தொன்று. கொடுக்கும்போதே ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவோம்: ஆறாம் மாதம் கருத்தடை செய்து சான்றிதழ் அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் கண்டபடி கலந்துவிடும். அந்தச் சான்றிதழ்களை வரிக்கு நேராக ஒட்டி வைப்பதில் நான் கெட்டிக்காரன். இருவரும் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டே போனோம். ஒட்டியிருக்கு, ஒட்டியிருக்கு, ஒட்டியிருக்கு. என் கெட்டிக்காரத்தனத்தை நான் அவ்வளவு வெறுத்ததில்லை.

இருபத்து மூன்றாம் வரியில் அக்காவின் விரல் நின்றது. சான்றிதழ் ஒட்டுகிற இடத்தில் ஒன்றும் ஒட்டவில்லை. அடியில் வரிசையாகப் புள்ளிகள்.

“இதுவும் நீங்க வெச்சதுதானா?”

“கையெழுத்து என்னோடதுதான்.”

“வாங்கினவர் பேரு... ‘வீட்டில்’. இது என்ன பேரு? எந்த வீட்டில்?”

“எங்க வீட்ல. வீட்லன்னா... அவங்கதான்.”

அக்கா நிமிர்ந்து பார்த்தார். மனைவியைப் பெயர் சொல்லி எழுதக் கூச்சப்பட்டு நான் எழுதிய ‘வீட்டில்’ அது. எழுதிய அன்றைக்கே அவள் வீட்டில் இல்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லாத ஒரு காலை, அவள் பெட்டியைக் கட்டினாள். சண்டை இல்லாததுதான் அவளுக்குப் பிரச்சினை என்று நினைக்கிறேன். சமையலறைக் குழாய் சொட்டினால், கீழே ஒரு வாளியை வைத்து ‘இருக்கட்டும்’ என்பேன். எங்காவது போகலாமா என்றால், ‘இருக்கட்டும்’. குழந்தை இல்லையே, டாக்டரிடம் கேட்கலாமா என்றபோதும் அதேதான். இருபத்திரண்டு வருஷம் எல்லாவற்றின் அடியிலும் புள்ளி வைத்துக்கொண்டே வந்திருக்கிறேன். அவள் கிளம்புகிறாள் என்றதும் கிடங்குக்கு ஓடிப்போய் ஒரு குட்டியைக் கூடையில் தூக்கி வந்தேன். ‘போகாதே’ என்று சொல்லத்தான் ஓடி வந்தேன். வாயிலிருந்து வந்தது, “துணைக்கு இருக்கட்டும்.”

அவள் கூடையை வாங்கிக்கொண்டாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, “வரேன்” என்றாள்.

அந்த ‘வரேன்’தான் நான் நாலு வருஷமாகத் திருத்தாமல் வைத்திருக்கிற சொல். ஊர் உலகத்தில் கிளம்புகிற யாரும் ‘போறேன்’ என்று சொல்வதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அவள் எழுத்துப் பிசகாத ஆள். ‘வரேன்’ என்றால் ஒருவேளை வருவாள்.

குட்டிக்கு அப்போது சளி. ஆபரேஷனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவள் ஒப்பந்தத்தில் அந்த வரிக்கு அடியிலும், எங்கள் பதிவேட்டிலும் புள்ளி வைத்தேன். ஆறாம் மாதம் நான் போன் செய்து நினைவூட்டியிருக்க வேண்டும். போனை எடுத்துக்கொண்டு உட்காருவேன், குழாய் சொட்டும், வாளி நிறையும், எழுந்து போய்விடுவேன்.

“இவன் அம்மா வேற இடிபாட்டுலேருந்து வந்தவ,” என்றார் அக்கா மெதுவாக. “மூணு பேருக்கும் தூரத்துச் சொந்தம்தான். மேனேஜரைவிடப் பொருத்தம்.” பிறகு என்னைப் பார்க்காமல், “அவங்க நல்ல மாதிரின்னா, சொன்ன தேதிக்குப் பண்ணியிருப்பாங்க” என்றார்.

அவள் நல்ல மாதிரிதான். அதுதான் சிக்கல்.

இரண்டு பஸ் மாறி, அவள் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போனேன். கண் பரிசோதிப்பது அவள் வேலை. கடைக்கு எதிரில் நின்று, பேச வேண்டியதை மூன்று தடவை மனதுக்குள் திருத்தினேன். நாலாவது தடவை திருத்துவதற்குள் அவள் கண்ணாடிக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

“அரை மணி நேரமா அங்கேயே நின்னா, போலீஸக் கூப்பிடப் போறாரு எங்க முதலாளி. உள்ள வாங்க.”

தலையில் கொஞ்சம் நரை கூடியிருந்தது. மற்றபடி அப்படியே இருந்தாள். எனக்கு உயரமான நாற்காலியைக் காட்டி, “உக்காருங்க” என்றாள்.

“நான் கண்ணுக்கு வரல.”

“இங்க வர்றவங்க எல்லாரும் கண்ணோடதான் வருவாங்க. உக்காருங்க.”

இரும்புச் சட்டத்தை மூக்கில் மாட்டினாள். ஒரு கண்ணை மூடி, மற்றதில் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டாள்.

“இது தெளிவா இருக்கா? இல்ல, இது தெளிவா இருக்கா?”

“ரெண்டும் ஒரே மாதிரிதான்.”

“இருபத்திரண்டு வருஷமா இதே பதில்தான். சரி, அந்தக் கடைசி வரியப் படிங்க.”

“படிக்க முடியல. ஆனா மூணாவது வரில ஒரு எழுத்து சாஞ்சிருக்கு.”

“அத இதுவரைக்கும் ஒருத்தரும் சொன்னதில்ல,” என்று அவள் சிரித்தாள். சட்டத்துக்குள் அவள் முகம் மங்கலாகத்தான் தெரிந்தது. சிரிப்பு மட்டும் தெரிந்தது.

“பூனை எப்படி இருக்கு?”

“கமாவா? அவனுக்கென்ன. நாள் முழுக்க ஜன்னல்தான்.”

“கமாவா?”

“வால் அப்படித்தானே வளைஞ்சிருக்கு. பிழை திருத்தறவர் கொடுத்த பூனைக்கு வேற என்ன பேரு வைக்கறது?” அவள் வேறு வில்லை போட்டாள். “இப்ப என்ன விஷயம்? அத நேரா சொல்லுங்க.”

“அந்த ஒப்பந்தத்துல, ஆறாவது மாசம், ஒரு இது இருந்தது...”

“ஏங்க. நேரா.”

“ஆபரேஷன் ஆச்சா?”

அவள் கை என் கன்னத்துக்குப் பக்கத்தில் அப்படியே நின்றது.

“நீங்கதான் அந்த வரிக்கு அடியில புள்ளி வெச்சிருந்தீங்களே,” என்றாள். “புள்ளின்னா ‘கை வைக்காதே, இருக்கட்டும்’னு தானே அர்த்தம்? இத்தனை வருஷம் உங்களோட குப்பை கொட்டியிருக்கேன், அதுகூடவா தெரியாது? நான் எங்கயும் கூட்டிட்டுப் போகல. வீட்டை விட்டு வெளிய விடறதும் இல்ல.”

உலகம் முழுக்கத் தெரியும் என்று நான் நினைத்த குறியை, உலகத்தில் ஒருத்தி சரியாகப் படித்திருந்தாள்.

“கண்ண அப்படிச் சிமிட்டாதீங்க,” என்றாள். “பவர் மாறிக் காட்டும்.”

ஞாயிற்றுக்கிழமை அதே பழைய கூடையில் கமாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இறக்கி விட்டதும் அவன் நேராகச் சூட்டுச் சுவருக்குப் போய், மேனேஜரைத் தள்ளிவிட்டு அவர் இடத்தில் உட்கார்ந்தான். மேனேஜர் அடுத்த இடத்துக்கு நகர்ந்துகொண்டார். மூன்றாம் நாளே சின்னவளுக்கும் கமாவுக்கும் பேச்சுவார்த்தை சுமுகமாக முடிந்ததாக அக்கா தகவல் சொன்னார். நடுவுலவள் மட்டும் அவனை இரண்டு தடவை அறைந்தாள். பிறகு அவளும் சம்மதித்தாள். பெரியவள் வயதைக் காட்டி ஒதுங்கிக்கொண்டாள்.

கரு தங்கியது உறுதியாகிற வரைக்கும் அவன் இங்கேயே இருக்க வேண்டும். ஐந்து வாரம். ஒவ்வொரு ஞாயிறும் அவள் அவனைப் பார்க்க வந்தாள். கூண்டுக்கு முன்னால் ஒரு பெஞ்சு. அந்தக் கோடியில் அவள், இந்தக் கோடியில் நான், நடுவில் கமா. அவன் வாயைத் திறந்து அவளிடம் சத்தமில்லாமல் புகார் செய்வான். “ஆமாம்டா, சாப்பாடு சரியில்லையா? யாருகிட்டச் சொல்றது?” என்று அவள் பதில் சொல்வாள். எனக்கு வராத பாஷையில் அவர்கள் சகஜமாகப் பேசிக்கொண்டார்கள்.

இரண்டாம் ஞாயிறு கண்ணாடி கொண்டுவந்து கொடுத்தாள். மூன்றாம் ஞாயிறு, “இளைச்சுட்டீங்க” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மீதியை நானே அச்சுக் கோத்துக்கொண்டேன். மறுநாளே ஆளைக் கூப்பிட்டுக் குழாயை மாற்றினேன். வாளியை எடுத்த பிறகு வீடு அவ்வளவு நிசப்தமாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நாலு வருஷமாக அந்தச் சொட்டுதான் எனக்குப் பதில் பேசிக்கொண்டிருந்தது போலிருக்கிறது. இரண்டாவதாக ஒரு டீ கோப்பையும் வாங்கினேன். அலமாரியில் என் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன். கொஞ்சம் நெருக்கி வைத்தேன். பிறகு வெட்கமாகி, தள்ளி வைத்தேன்.

ஐந்தாம் ஞாயிறு டாக்டர் வந்து சின்னவளின் வயிற்றை விரலால் தடவிப் பார்த்தார்.

“மூணு இருக்கு. நாலாவும் இருக்கலாம்.”

“ஆண் இருக்குமா டாக்டர்?”

“பாக்கலாம் சார்.” நடுவுலவளையும் தடவினார். “இங்கயும் ரெண்டு.”

அக்கா திரும்பி நின்று மூக்கை உறிஞ்சினார். நான் மறுபடியும், “அக்கா, நாளைக்கு நான் வரட்டுமா?” என்றேன். அவர் ஃபிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றி என் கையில் திணித்தார். அதை ஒரு பதிலாக எடுத்துக்கொண்டேன்.

கமா வீட்டுக்குப் போகிற நாள் அது. பிறக்கப் போகும் குட்டிகளுக்குத் தகப்பன் வரிசையில் இருபத்து மூன்றைக் குறிக்க வேண்டும். அக்கா பதிவேட்டைத் திறந்து, “பேரு சரியா இருக்கணும் சார், நாளைக்கு இதுதான் இந்த இனத்துக்கே ஆதாரம்” என்று என் மனைவியின் பக்கம் திருப்பி வைத்தார். அவள் குனிந்து படித்தாள்.

“வாங்கினவர்... ‘வீட்டில்’.” அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்தாள். “இத அடிச்சுட்டு என் பேர எழுதுங்க.”

“அது...” என்றேன். “இருக்கட்டுமே.”

அக்கா சட்டென்று ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். அதில் தண்ணீர் இல்லை.

“குழாய மாத்திட்டேன்,” என்றேன். “இப்ப சொட்டறதில்ல.”

“நல்லதுங்க.”

“ஒரு கோப்பை வாங்கினேன்.”

சுவருக்கு அந்தப் பக்கம் உலர்த்தும் இயந்திரம் நின்றது. கூடைக்குள்ளிருந்து கமா என்னைப் பார்த்து வாயை அகலத் திறந்தான். நெஞ்சு ஏறி இறங்கியது. இவனும் நானும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டே, அவனுக்கு வராததை நான் ஒரு தடவை செய்து பார்த்தேன்.

“அன்னிக்கு வாசல்ல ‘வரேன்’னு சொல்லிட்டுப் போன,” என்றேன். “அதான் கேக்கறேன். வருவியா?”

அவள் மேசையிலிருந்த பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, என் பக்கம் நீட்டினாள். குரலில் கோபம் இல்லை.

“கிளம்பற எல்லாரும் அப்படித்தாங்க சொல்லுவாங்க. நான் வரமாட்டேன்.”